செங்கோட்டை வரை

அந்த இடத்தில் சட்டம் என்று ஒன்றுதான் இருந்தது. உள்ளே வந்தால் கதவைச் சாத்த வேண்டும்.

சீனிராஜால் முடியாத காரியமும் அது ஒன்றுதான்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற பாதையில் ஒரு விலக்கில் இறங்கி உள்ளே நடந்தால், மூடிக்கிடந்த பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று வரும். வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்களுக்கும், வண்டியில் அடிபட்ட பூனைகளுக்கும் இப்போது அதுதான் வீடு. நடத்துபவர் பெயர் சண்முகக்கனி. ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லாருக்கும் டீச்சர்.

டீச்சருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீனிராஜுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டீச்சர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் கேள்வி கேட்கிறவர் எப்போதும் அண்ணாச்சிதான். குரு, சீடர் என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

முதல் நாள் சீனிராஜ் கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். டீச்சர்தான் போய்க் கேட்டார்.

“நாயக் கண்டா பயமா?”

“நாய்க்குப் பயம் இல்ல டீச்சர். சத்தத்துக்குப் பயம். பட்டாசு ஆலைல இருந்தேன். அங்க ஒரு விபத்து. அதுலருந்து குக்கர் விசில் அடிச்சாலும் எந்திரிச்சு ஓடிருவேன்.”

“சரி.”

“வீட்டுல சும்மா இருந்தா கிறுக்குப் பிடிக்குது. இங்க ஏதாச்சும் செய்யலாம்னு வந்தேன். ஆனா பயந்தாங்கொள்ளியால இதுகளுக்கு என்ன பிரயோசனம்? நீங்களே சொல்லுங்க.”

டீச்சர் அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

அதுதான் பதிலா என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தரையைக் கழுவினார். நன்றாகவே கழுவினார். கழுவிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தார். வெள்ளையன் வெளியே போய்விட்டது.

வெள்ளையன் ராஜபாளையம் நாய். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், காது மட்டும் பிறவியிலேயே கேட்காது. செவிட்டு நாய் காவலுக்கு ஆகாது என்று வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மனிதர்களுக்கு எதை எடுத்தாலும் உபயோகம் பார்த்தாக வேண்டும். அன்று அதை விலக்கு டீக்கடையில் பிடித்தார்கள். யாரோ கொடுத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தது.

“கதவு, அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

மறுநாளும் திறந்து கிடந்தது. அதற்கு மறுநாளும்.

“கதவு, அண்ணாச்சி.”

“தெரியுது டீச்சர். கை வரமாட்டேங்குது.” வாளியைக் கீழே வைத்தார். “வெடிமருந்து கலக்குற ரூம்ல கதவச் சாத்தக் கூடாது. அதான் அங்க முதல் பாடம். ஒவ்வொரு ரூமுக்கும் ரெண்டு மூணு கதவு இருக்கும், எல்லாம் வெளிய பாத்துத் திறக்கும். வேலை செய்யிறவன் கதவப் பாத்துதான் உக்காரணும். கண்ணு மருந்துல, காலு வாசல்ல.”

“ம்.”

“அன்னைக்கு மழைச் சாரல். மருந்து நனையுதுன்னு யாரோ அந்தப் பக்கத்துக் கதவச் சாத்திட்டாங்க. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் இந்தப் பக்கம் இருந்தேன், வெளிய விழுந்துட்டேன். என்கூட வேலை பாத்த கோட்டைச்சாமி அந்தப் பக்கம்.”

அன்றிலிருந்து டீச்சர் அவர் போகிற இடமெல்லாம் பின்னால் போய்த் தானே கதவைச் சாத்தினார். ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிதான் கேட்டாள்.

“நாங்க சாதாரண ஆளுங்க. எங்களால என்ன முடியும், டீச்சர்?”

“வீட்டுல பழைய பெட்ஷீட் இருக்கா?”

“இருக்கு.”

“மடிக்கத் தெரியுமா?”

அவள் சிரித்துவிட்டாள். “தெரியும்.”

“அப்ப முடியும்.”

அடுத்த வாரம் அவர்கள் ஒரு மூட்டைத் துணியோடு வந்தார்கள். போகும்போது கண் தெரியாத கிழட்டுப் பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெஸ் வைத்திருக்கிறவர் உப்புப் போடாத சோறு அனுப்பினார். தையல்காரர் ஒருவர் மிச்சத் துணியில் கழுத்துப் பட்டை தைத்தார். காலேஜ் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு நாயையும் போட்டோ எடுத்துப் போனில் போட்டாள். அதைப் பார்த்து இரண்டொரு நாய்களுக்கு வீடு கிடைத்தது.

சீனிராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் சுருங்கியது. இவர்கள் யாருக்கும் பயமில்லை, அதனால் உதவ முடிகிறது. தனக்குப் பயம். தன்னால் ஆனது வாளிதான் என்று நினைத்தார்.

மூலை அறையில் மிளகு இருந்தது.

கறுப்பும் சாம்பலுமாக, சின்ன உடம்புள்ள பெட்டை நாய். யாரையும் கிட்டே விடாது. போன தீபாவளியன்று அது வெடிச் சத்தம் தாங்காமல் கம்பி வலையைக் கடித்து, பல் உடைந்து, பின்பக்கம் இடிந்து கிடந்த சுவரைத் தாண்டி ஓடிவிட்டது. நாள் கணக்கில் தேடினார்கள். கடைசியில் மெயின் ரோட்டுக்கு அடியில், ஓடைத் தண்ணீர் போகிற சிமெண்ட் குழாய்க்குள் கிடைத்தது. நகமெல்லாம் பிய்ந்து, காய்ச்சலில் கிடந்தது. வெளியே எடுக்கக் கையை நீட்டிய டீச்சரைக் கடித்துவிட்டது. அந்தத் தழும்பு அவருடைய முன்கையில் இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு நேரே அந்தக் குழாய்க்குத்தான் திரும்பிப் போனார்.

கடிக்கிற நாயை யார் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்? போட்டோ எடுக்கிற பிள்ளைகூட அந்த அறையைத் தாண்டிப் போய்விடும்.

“அண்ணாச்சி, மூலை ரூம்ல போய் உக்காருங்க” என்றார் டீச்சர் ஒரு நாள்.

“என்ன செய்ய?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். அவளுக்கு முதுகக் காட்டி உக்காருங்க.”

“முதுகையா? கடிச்சா?”

“நீங்க பாத்தாதான் அவளுக்குப் பயம்.”

அவர் போய் உட்கார்ந்தார். வலைக்கதவைச் சாத்தியாக வேண்டும். தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பின்னால் ஒரு மூலையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏதாச்சும் பேசிட்டே இருங்க. உங்க குரல் பழகட்டும்” என்றார் டீச்சர் வெளியிலிருந்து.

“என்னத்தப் பேச?”

“தெரிஞ்சத.”

சீனிராஜ் யோசித்தார். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

“விருதுநகர். திருத்தங்கல். சிவகாசி. ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையம். சங்கரன்கோவில். பாம்புக்கோவில் சந்தை. கடையநல்லூர். தென்காசி. செங்கோட்டை.”

வெளியே வந்ததும் டீச்சர் கேட்டார். “அதென்ன?”

“தீபாவளிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன் டீச்சர். விடியுமுன்ன பாசஞ்சர்ல ஏறி உக்காந்துருவேன். செங்கோட்டை போவேன், திரும்புவேன். வண்டி ஓடுற சத்தத்துல வெடி தெரியாது. ஸ்டேஷன்ல நிக்கும்போது மட்டும் காதப் பொத்திக்கிட்டு, அடுத்த ஸ்டேஷன் பேரச் சொல்லிட்டே இருப்பேன். இன்னும் இம்புட்டுத்தான், இன்னும் இம்புட்டுத்தான்னு.”

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார்.

தினமும் போய் உட்கார்ந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, செங்கோட்டை வரை போய்விட்டுத் திரும்புவார். ஒரு நாள் பாம்புக்கோவில் சந்தையில் இருக்கும்போது முதுகில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. அவர் அசையவில்லை. கடையநல்லூரைச் சொல்லக் குரல் வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லும்போதுதான் அழுதார்.

ஐப்பசி பிறந்தது. மழை இறங்கியது. ஊருக்குள் பட்டாசுக் கடைகள் முளைத்தன. ஸ்கூல் விட்டு வருகிற பையன்கள் போகிற போக்கில் ஒன்றைப் பற்றவைத்து எறிவார்கள். எங்கோ ஒரு வெடிதான், ஆனால் எப்போது என்று தெரியாது. மிளகு தட்டைத் தொடுவதை நிறுத்தியது. சுவர் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. சீனிராஜுக்கும் சோறு இறங்கவில்லை. நடக்கும்போது சுவரை ஒட்டியே நடந்தார்.

“அண்ணாச்சி, தீபாவளிக்கு என்ன செய்யப் போறீங்க?”

“செங்கோட்டை.”

டீச்சர் மூலை அறையைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

“பின்பக்கச் சுவரக் கட்டிட்டீங்களா?” என்று கேட்டார் சீனிராஜ்.

“பாதி கட்டுனோம், மழை இடிச்சிருச்சு. இப்பவும் இடுப்பளவுதான்.”

“டாக்டர் மாத்திரை?”

“போன வருசமும் குடுத்தார். கன்னத்துல அதக்கி வச்சு, நான் போனப்புறம் துப்பிட்டா.”

“ஓடுனா?”

“இந்தத் தடவை ஓடுனா கெடைக்க மாட்டா. ரோடு அகலமாயிருச்சு. லாரி நிக்காது.”

சீனிராஜ் வெள்ளையன் இருக்கும் பக்கம் திரும்பினார். “வெள்ளையன அவகூட விடுங்க டீச்சர். அவனுக்குத்தான் காது கேக்காதே. அவன் தைரியமாப் பக்கத்துல இருந்தா அவளுக்கும்...”

“போன வருசம் அதான் செஞ்சேன்.”

“என்ன ஆச்சு?”

“அவன் தூங்குனான்.”

உள்ளே பிறாண்டுகிற சத்தம் கேட்டது.

“அன்னைக்கு யாரும் வர மாட்டாங்க அண்ணாச்சி. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும், பலகாரம் சாப்பிடணும், பிள்ளைங்க கூட இருக்கணும். நான் தப்புச் சொல்லல. பெரிய ஷெட்ல அத்தனையையும் நான் பாக்கணும். இவளுக்குன்னு ஒரு ஆள் வேணும்.”

“நான் பயப்படுவேன்.”

“தெரியும்.”

“கூட உக்காந்து நடுங்குவேன் டீச்சர். சில நேரம் ஒண்ணுக்கே போயிரும். வெக்கத்த விட்டுச் சொல்றேன்.”

“ம்.”

“அப்புறம் எதுக்கு நான்?”

டீச்சர் ஒரு சாக்கை எடுத்து நீளமாகக் கிழித்தார். அதை மூலை அறையின் ஜன்னல் இடுக்கில் திணிக்க ஆரம்பித்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை சீனிராஜ் ஒரு பையோடு வந்து நின்றார். அது ரயிலுக்குப் போகிற பையா, இங்கே தங்குகிற பையா என்று டீச்சர் கேட்கவில்லை. பாயைக் காட்டினார்.

விடியலுக்கு முன்னால் எழுந்து மூலை அறைக்குப் போனார்கள். வலைக்கதவுக்கு வெளியே ஒரு மரக்கதவும் இருந்தது. சத்தத்தைத் தடுக்க அதையும் சாத்த வேண்டும்.

“ரெண்டுக்கும் உள்ளயும் தாழ்ப்பாள் இருக்கு” என்றார் டீச்சர்.

சீனிராஜுக்கு அப்போதே வேர்த்திருந்தது. “வெளிய பூட்டுப் போட்டுருங்க டீச்சர். நான் திறந்துருவேன்.”

“ஆள உள்ள வச்சுப் பூட்ட மாட்டேன்.”

“என்னைய நம்பாதீங்க. சொல்றதக் கேளுங்க.”

“பூட்ட மாட்டேன் அண்ணாச்சி.”

டீச்சர் போய்விட்டார். சீனிராஜ் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார். முதல் தடவையாகத் தன் கையால், தான் உள்ளே இருக்கும்போது, கதவை முழுசாகச் சாத்தினார். உள்ளே இருட்டு. சாக்கு வாடை. பின்னால் மூலையில் மிளகின் மூச்சு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“விருதுநகர்” என்றார்.

முதல் வெடி தூரத்தில் வெடித்தது.

அது லட்சுமி வெடி என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்தது சரம். அதன் கடைசியில் ஒரு பெரியது வெடிக்கும், அதற்காகவே கட்டுவார்கள். அவரே கட்டியிருக்கிறார். எது வரும் என்று தெரிந்தவனுக்கு, வருமுன்னே வெடித்துவிடுகிறது. அந்தப் பெரியது வெடித்தபோது அவர் ஏற்கெனவே தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தார்.

“திருத்தங்கல். சிவகாசி. ஸ்ரீ... ஸ்ரீவில்லி...”

மிளகு சுவரில் மோதியது. ஓலமிட்டது. பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று முடியுமுன் ஒன்று. ஜன்னல் சாக்கு அதிர்ந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தினால் சொந்த நெஞ்சு அடிப்பது கேட்டது, அதுவும் வெடி மாதிரிதான் இருந்தது. ஆனாலும் தாங்கினார். ஸ்டேஷன் பெயர்களைக் கத்திச் சொல்லிக்கொண்டே தாங்கினார்.

அப்புறம் கதவிடுக்கு வழியாகப் புகை வந்தது.

மருந்து வாடை.

சத்தத்தோடு அவர் பல வருடங்கள் சண்டை போட்டிருக்கிறார். வாடையைப் பற்றி அவர் யோசித்திருக்கவே இல்லை. ரயில் ஜன்னலில் அது வந்ததில்லை. மூடிய கதவு, இருட்டு, அந்த வாடை. அந்தப் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கோட்டைச்சாமிதான். இத்தனை வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறான், யாருமே திறக்கவில்லை.

சீனிராஜ் எழுந்ததை அவரே அறியவில்லை. கை தாழ்ப்பாளை இழுத்தது. வலைக்கதவு. மரக்கதவு. இரண்டும் வெளிப்பக்கமாகப் போய் மோதின. வாசலில் விழுந்து மூச்சு வாங்கினார்.

அவருடைய தோளைத் தட்டிக்கொண்டு ஏதோ ஓடியது. நிமிர்ந்தார். இடிந்த சுவரின் மேல் ஒரு கணம் மிளகின் உடம்பு தெரிந்தது. அடுத்த கணம் இல்லை.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வானம் சிவப்பும் பச்சையுமாகக் கிழிந்துகொண்டிருந்தது. அறை பின்னால் திறந்து கிடந்தது. உள்ளே போய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கலாம். பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடலாம், இன்னும் வண்டி இருக்கிறது. டீச்சர் பெரிய ஷெட்டில் இருக்கிறார். யாருக்கும் இப்போது தெரியாது.

சுவரில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் ஓடியதை வீரம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். வழியெல்லாம் அலறிக்கொண்டே ஓடினார். பருத்திக் காட்டுச் சேற்றில் விழுந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் குப்புறப் படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். வேட்டி நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ரோடு தெரிந்தது. ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அந்த ஹார்னில் அவருடைய உயிர் பாதி போயிற்று. ரோட்டில் எதுவும் கிடக்கிறதா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்தார். எதுவும் இல்லை.

ஓடைக்குள் இறங்கி, டீச்சர் சொல்லியிருந்த குழாயின் வாயில் குனிந்தார்.

உள்ளே இருட்டில் இரண்டு கண்கள் மின்னின. உறுமல் கேட்டது.

அந்தக் குழாய்க்கு ஒரு வாய் இந்தப் பக்கம், ஒரு வாய் அந்தப் பக்கம். கதவு கிடையாது. சீனிராஜ் தவழ்ந்து உள்ளே போனார். முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர். உறுமல் பெரிதாயிற்று. இன்னும் கிட்டே போனால் கடிக்கும் என்று தெரிந்தது. நின்றார். தண்ணீரிலேயே திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பல் கிட்டித்தது.

“விரு... விருதுநகர்.”

மேலே ரோட்டில் காலடிச் சத்தம். யாரோ சிரித்தார்கள். தகர டப்பாவை வைக்கிற ஓசை கேட்டது. என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. டப்பாவுக்குள் வைத்தால் சத்தம் இரட்டிக்கும். அவரும் சின்ன வயதில் செய்ததுதான்.

“திருத்தங்கல்” என்றார். “சிவகாசி...”

குழாய் முழுக்க வெடித்தது. அவர் அலறினார். பின்னால் மிளகும் அலறியது. எது தன் குரல், எது அதன் குரல் என்று அவருக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மண் கொட்டியது. காது அடைத்துப்போய், கோட்டைச்சாமி தட்டுவதுகூடக் கேட்காமல், கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை.

பிறகு முதுகில் ஏதோ வந்து அப்பிக்கொண்டது. ஈரமாக, எலும்பாக, நடுங்கிக்கொண்டு. அவருடைய நடுக்கமும் அதன் நடுக்கமும் சேர்ந்து தண்ணீர் அலையடித்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஸ்ரீவில்லிபுத்தூர்” என்றார். “ராஜபாளையம். இன்னும் கொஞ்ச தூரந்தான். சங்கரன்கோவில்.”

வெயில் ஏறிய பிறகுதான் டீச்சர் வந்து சேர்ந்தார். திறந்து கிடந்த அறையைப் பார்த்ததும், ஷெட்டை விட்டுவிட்டு வரமுடியாமல், சத்தம் குறைகிற வரைக்கும் நெஞ்சில் நெருப்போடு இருந்தவர். தோளில் ஒரு போர்வை, கையில் கயிறு. ரோட்டோரம் முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். லாரி ஏறி ரோட்டில் ஒட்டிக் கிடந்த துணிகூட அவரை நிறுத்தியது.

ஓடைக்கு மேலே வந்தபோது, காலுக்குக் கீழே ஒரு குரல் கேட்டது. கம்மிப்போய், பாதிக்கு மேல் காற்றாக வந்தது.

“...கடையநல்லூர். தென்காசி. செங்கோட்டை.”

கொஞ்சம் இடைவெளி. பிறகு மறுபடி. “செங்கோட்டை. தென்காசி. கடையநல்லூர்...”

டீச்சர் ஓடைக்குள் இறங்கினார். குழாய் வாயில் சேற்றில் மண்டியிட்டார்.

சீனிராஜ் இடுப்பு வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மிளகு அவருடைய முதுகைச் சுற்றி வந்து, மடியில் முன்காலைப் போட்டுக்கொண்டு, கக்கத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. இரண்டு பேரும் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் டீச்சரைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்தான் திறந்தேன் டீச்சர்.”

டீச்சர் தோளில் கிடந்த போர்வையை இறக்கினார்.

“அவளா ஓடல. நான் திறந்ததாலதான் ஓடுனா. லாரில அடிபட்டிருந்தா நான்தான் கொன்னிருப்பேன். ஒரு கதவச் சாத்தி வைக்கத் துப்பில்ல எனக்கு.” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முதல் நாளே கேட்டேன், பயந்தாங்கொள்ளியால இதுகளுக்கு என்ன பிரயோசனம்னு. நீங்க பதிலே சொல்லல. இப்பவாச்சும் சொல்லுங்க. சொல்லிட்டு என்னைய அனுப்பிருங்க.”

டீச்சர் கையைக் குழாய்க்குள் நீட்டினார். மிளகு கண்ணைத் திறந்து பார்த்தது. அவருடைய முன்கையில் இருந்த தழும்பை முகர்ந்தது. மறுபடியும் சீனிராஜின் கக்கத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

“போன வருசமும் இதே குழாய்லதான் கெடந்தா, அண்ணாச்சி” என்றார் டீச்சர். “தனியா.”